தட்டைப் பாதத்துக்குக் கத்தி எப்போது?

வாசகர் கேள்விகள்: குழந்தைகள் எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் பதில்கள்

போன மாதம் குழந்தைகளுக்கு முட்டி இடிப்பது பற்றி எழுதும்போது, உள்வளைவு இல்லாமல் முழுசாகத் தரையில் படியும் தட்டைப் பாதத்தைப் பற்றியும், குழந்தையை எக்கச் சொல்லி வளைவு வருகிறதா பாருங்கள் என்று போகிற போக்கில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு 4 வயது. குளித்துவிட்டு ஈரக்காலோடு நடந்தால் முழுப் பாதமும் அப்படியே தரையில் பதிகிறது. நடுவில் வளைவே இல்லை. ஷூ கடையில் மெஷின்மேல் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போதே உள்ளே வளைவுக்குப் பேட் வைத்த ஷூ போடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஆபரேஷன்தான்" என்றார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.
*ஒரு தாய், ராஜபாளையம்*

அம்மா, பையனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு மிட்டாயை வைத்து, அவனையே எடுக்கச் சொல்லுங்கள். அவன் எக்கும்போது பின்னால் உட்கார்ந்து காலைப் பாருங்கள். உள்பக்கம் வளைவு எழும்புகிறதா? வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்த குதிகால் நிமிர்ந்து லேசாக உள்ளே திரும்புகிறதா? இரண்டும் நடந்தால் அது வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதம். இன்னொன்றும் பாருங்கள். அவன் நிற்கும்போது கட்டைவிரலை மட்டும் மேல்நோக்கித் தூக்குங்கள். அப்போதும் வளைவு எழும். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு கெட்டியான பட்டை ஓடுகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஏறுவது போல, கட்டைவிரல் தூக்கும்போது அந்தப் பட்டை இறுகிக் குதிகாலை முன்னால் இழுக்கும், வளைவு வந்துவிடும். பொறியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எடை ஏறும்போது மட்டும் பாதம் படிந்துவிடுகிறது.

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை மாக்கோலத்தில் குட்டிப் பாதம் போடுகிறோம், இல்லையா? முஷ்டியை மடக்கி மாவில் தோய்த்துப் பக்கவாட்டில் ஊன்றுவோம். உள்பக்கம் அழகாகக் குழிந்த பாதம் வரும். தவழ்ந்து எழுந்த நிஜக் குழந்தை அந்த மாவை மிதித்தால் அப்படி வராது, அடைபோலத்தான் பதியும். சின்னக் குழந்தைக்கு வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு மெத்தை இருக்கிறது, மூட்டுக்களைப் பிடித்திருக்கும் தசைநார்களும் தளர்வு. முதல் பத்து வயதுக்குள் மெல்ல மெல்ல இறுகி வளைவு தெரிய ஆரம்பிக்கும். ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயதுவரையுள்ள 835 குழந்தைகளைப் பரிசோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 3 வயதில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், 6 வயதில் 24 சதவீதம்தான். எடை கூடிய குழந்தைகளிடம் அதிகம், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகம். அந்தக் குழந்தைகளில் 10 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பேட் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கோளாறு இருந்தது 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே.

ஷூ விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன், காரணம் உண்டு. எனக்கு 5 வயதாக இருந்தபோது ஒரு மருத்துவர் என் பாதத்தைப் பார்த்துவிட்டு பூட்ஸ் எழுதிக்கொடுத்தார். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி மதுரைக்குக் கூட்டிப்போய், அளவு கொடுத்துத் தைத்து வாங்கித் தருவார். உள்ளே கெட்டித் தோலில் மேடு வைத்திருக்கும். நான்கு வருடம் போட்டேன். வெயில் காலத்தில் கொப்புளம் வந்து உடையும், அம்மா தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி மாட்டி அனுப்புவாள். விளையாட்டு நேரத்தில் நான் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அமெரிக்காவில் டாலஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 1 முதல் 6 வயதுவரையுள்ள 129 குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் திருத்தும் ஷூ, இரண்டு குழுக்களுக்கு இரண்டு விதமான உள்வைப்பு, இன்னொரு குழுவுக்குச் சாதாரண ஷூ என்று மூன்று வருடத்துக்குக் குறையாமல் பார்த்தார்கள். 1989இல் வந்த முடிவு: எல்லாக் குழுவிலும் பாதம் ஒரே அளவில்தான் முன்னேறியிருந்தது. ஷூவும் பேடும் கூடுதலாக எதையும் செய்யவில்லை. அதை முதல்முதலாகப் படித்த அன்று அப்பாவின் சம்பளத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். என் பாதம் இன்றும் தட்டைதான். நாள் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் அதன்மேல்தான் நிற்கிறேன். வலித்ததில்லை.

உங்கள் மகனுக்கு வலி இல்லை, எக்கினால் வளைவு வருகிறது என்றால் ஷூவும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம், ஆபரேஷன் பேச்சே வேண்டாம். ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், நொண்டினால், எக்கவே முடியாவிட்டால், எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தால் மட்டும் காட்டுங்கள்.

பேரனை வெறுங்காலோடு ஆற்று மணலில் நடக்கவிட்டால் தட்டைப் பாதம் சரியாகிவிடும் என்கிறேன். மருமகள் கேட்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.
*ஒரு தாத்தா, திருவையாறு*

ஐயா, பாதி உங்கள் பக்கம். கர்நாடகத்தில் மணிப்பால் மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் கால் தடத்தை எடுத்துப் பார்த்தார்கள். 1992இல் வந்த ஆய்வு. காலணி போட்டுப் பழகியவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம். அதனால் பாதம் உருவாகிற வயதில் வீட்டிலும் மணலிலும் வெறுங்காலோடு ஓடுவது நல்லது. ஆனால் ஏற்கெனவே தட்டையாக இருக்கும் பாதத்துக்கு அது மருந்து என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மருமகள் கண்ணாடிச் சில்லுக்கும் முள்ளுக்கும் பயப்படுகிறார் என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல மணலாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள்.

மகனுக்கு 9 வயது. இரண்டு பாதமும் தட்டை, வலி ஒன்றும் இல்லை, நன்றாக ஓடுகிறான். ஒரு தனியார் மருத்துவமனையில் "சின்ன ஸ்குரூ ஒன்று வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை, 12 வயது தாண்டினால் முடியாது" என்கிறார்கள். அவனைப் போலீஸில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. செய்துவிடலாமா?
*ஒரு தந்தை, திருச்சி*

வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் மறுபடி கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

வெளிப்பக்கக் கணுக்கால் குமிழுக்குக் கொஞ்சம் முன்னால் விரலை வைத்து அழுத்தினால் ஒரு குழி தட்டுப்படும். குதிகால் எலும்புக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தாலஸ் என்ற எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. தட்டைப் பாதத்தில் தாலஸ் உள்பக்கமாகவும் கீழாகவும் சரியும். அந்தக் குழியில் ஒரு ஸ்குரூவையோ சின்ன உருளையையோ வைத்தால், கதவு சுவரில் மோதாமலிருக்கத் தரையில் கட்டை வைப்போமே, அதுபோல எலும்பு அதற்குமேல் சரியாது. ஸ்குரூ வைக்கும் முறையை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் அல்வாரெஸ் 1970இல் தொடங்கினார். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நிறையச் செய்கிறார்கள். வெட்டு சின்னது, சீக்கிரம் நடக்கலாம், பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள் செய்வார்கள். வலியுள்ள குழந்தைகள் பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. முறையை நான் குறை சொல்லவில்லை.

உங்கள் மகனுக்கு வலி இல்லையே! இல்லாத வலியை எதை வைத்துக் குறைப்பது? வலியில்லாத பாதத்தைச் சிறுவயதில் திருத்திவிட்டால் பெரியவனானபின் வலி வராது என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் ஸ்குரூ வைத்த குழியிலேயே வலி வந்து, திரும்ப மயக்க மருந்து கொடுத்து அதை எடுக்க வேண்டிய குழந்தைகள் உண்டு. அப்படி ஒரு சிறுவனுக்கு எடுத்தும் இருக்கிறேன். வலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "12 வயது தாண்டினால் முடியாது" என்பதும் முழு உண்மை இல்லை. இந்த ஸ்குரூ வளரும் வயதுக்கானது, சரி. ஆனால் பின்னால் வலி வந்தால் எலும்பை வெட்டித் திருத்தும் ஆபரேஷன் பதின்வயதிலும் செய்யலாம், அதற்குப் பிறகும் செய்யலாம். இன்று தீர்மானிக்காவிட்டால் வாசல் மூடிவிடும் என்று யாராவது அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், போலீஸ் ஆசை. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளுக்கான அறிவிப்புகளில் முட்டி இடிப்பது, தட்டைப் பாதம் எல்லாம் கூடாது என்று போட்டிருப்பது உண்மை. ராணுவ அதிகாரித் தேர்வுகளின் மருத்துவ விதியோ இன்னும் நுணுக்கமானது. எக்கி நின்றால் வளைவு வந்து, நுனிக்காலில் குதிக்கவும் ஓடவும் முடிந்து, பாதம் வளைந்து கொடுத்து, வலியும் இல்லாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா ராணுவத்தின் சுமார் 3,600 வீரர்களின் பாதங்களை ஹாரிஸ், பீத் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். வளைந்து கொடுக்கும் வெறும் தட்டைப் பாதம் வீரனை முடக்குவதில்லை, கெண்டைக்கால் இறுக்கமும் சேர்ந்திருந்தால்தான் தொந்தரவு என்று 1947இலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் மகனுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, அதற்குள் அவன் ஆசையே மாறலாம். ஒரு தேர்வு விதிக்காகக் குழந்தையின் நல்ல காலைத் திறக்க என் மனம் ஒப்பாது.

13 வயது மகனுக்கு அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது. பாதம் தட்டை. நீங்கள் போன மாதம் சொன்னபடி எக்கச் சொன்னேன், வளைவு வரவே இல்லை. பாதம் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?
*ஒரு வாசகி, நாகர்கோவில்*

நீவ வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் சீக்கிரம் காட்டுங்கள். மற்றக் கடிதங்களில் வந்திருப்பது வேறு, இது வேறு. பாத எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிறுவயதில் அந்த ஒட்டு குருத்தெலும்பாக இருக்கும்வரை தெரியாது. 8 வயதுக்குமேல், சிலருக்குப் பதின்வயதில், அது எலும்பாக இறுகும்போது பாதம் விறைத்துப்போய்ப் பிசகலும் வலியும் தொடங்கும். சாதாரண எக்ஸ்ரேயோடு சாய்த்து எடுக்கும் எக்ஸ்ரேயும் கேட்டு வாங்குங்கள். அதில் தெரியாவிட்டால் சிடி ஸ்கேன். ஓய்வும் மாவுக்கட்டும் போதாதபோது அந்த ஒட்டை எடுத்துவிடுவதற்கு நல்ல ஆபரேஷன் உண்டு.

மகளுக்கு 12 வயது. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். இரண்டு வருடமாக உள்பாதத்தில் வலி. அங்கே தோல் தடித்துக் காய்த்துப்போயிருக்கிறது. கெட்டியான பேட் வைத்தால் வலி இன்னும் கூடுகிறது. வலது கால்தான் மோசம். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் குதிகால் எலும்பை வெட்டி, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நடுவில் வைக்க வேண்டும் என்கிறார். கேட்டதிலிருந்து கை கால் நடுங்குகிறது. பெண் பிள்ளை, தழும்பு வேறு விழும். இது அவசியமா? திரும்பக் கபடி ஆடுவாளா?
*ஒரு தாய், பொள்ளாச்சி*

இந்த மாதக் கடிதங்களில் ஆபரேஷன் பற்றி உண்மையாகவே பேச வேண்டியது உங்களிடம்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் பேட் ஏன் வலிக்கிறது என்று பார்ப்போம். கெண்டைக்கால் தசை குதிகாலில் வந்து சேரும் அந்தத் தடித்த நாணை நம் ஊரில் குதிகால் நரம்பு என்போம். நரம்பு இல்லை, தசைநாண். அது இறுகியிருந்தால் நடக்கும்போது கணுக்கால் மேல்நோக்கி மடங்காது. மடங்க வேண்டிய மடிப்பைப் பாதம் நடுவில் உடைந்து எடுத்துக்கொள்ளும். தாலஸ் எலும்பின் தலை கீழே இறங்கித் தரையில் இடிக்கும். அந்த இடத்தில்தான் உங்கள் மகளுக்குக் காய்த்திருக்கிறது. அதற்கு அடியில் கெட்டியான பேடையும் வைத்தால், இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் எலும்பு நசுங்கும். அவள் வலிக்கிறது என்றது சாக்கு இல்லை.

எனவே, இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சி முறையாக நடந்ததா? சுவரில் கை ஊன்றி, பின்காலின் முழங்காலை மடக்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்து முன்னால் சாய வேண்டும். பாதம் வெளியே திரும்பியிருந்தால் தசைக்குப் பதில் பாதத்தின் நடுப்பகுதிதான் இழுபடும், பயிற்சி வீண். இதைத் தினமும் இரண்டு வேளை, ஆறு மாதம் செய்து, மெத்தென்ற பேடும் போட்டுப் பார்த்து, அதற்கும் வலி அடங்கவில்லை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வது சரியான வழிதான். நானும் அதையே சொல்வேன். பயிற்சி நடக்கவே இல்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

எலும்பை வெட்டுவது என்றதும் பயம் வரும். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் குறையும். இதைத் தொடங்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த டில்வின் எவான்ஸ், 1975இல் எழுதினார். அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த வின்சென்ட் மோஸ்கா அதைச் செப்பனிட்டு 1995இல் வெளியிட்டார். தட்டைப் பாதத்தில் வெளிப்பக்கம் குட்டையாகவும் உள்பக்கம் நீளமாகவும் ஆகிவிட்டதுபோல் முன்பாதம் வெளியே திரும்பி நிற்கும். குதிகால் எலும்பின் முன்பகுதியை, அடுத்த மூட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் குறுக்கே வெட்டி, வெட்டை மெல்ல விரிப்போம். விரிய விரிய முன்பாதம் உள்ளே திரும்பி, தொய்ந்திருந்த வளைவு கண்ணெதிரே எழும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது வியப்புத்தான். அந்த இடைவெளியில் வெளிவிளிம்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள எலும்புத் துண்டு ஆப்புபோல உட்காரும். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுக்கலாம், எலும்பு வங்கியிலிருந்தும் வாங்கலாம். வங்கி எலும்பானால் இடுப்பில் வெட்டும் வலியும் மிச்சம், ஆகவே கேட்டுப் பாருங்கள். கூடவே கெண்டைத் தசையையோ குதிநாணையோ நீளப்படுத்துவார்கள். முழங்காலை நீட்டினால் மட்டும் இறுக்கமா, மடக்கினாலும் இறுக்கமா என்பதை வைத்து எதை என்று முடிவாகும். தேவைப்பட்டால் உள்பக்கம் தொய்ந்த திசுக்களைச் சுருக்கித் தைப்பார்கள்.

இதில் மூட்டு எதையும் ஒட்டவைப்பதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மூன்று மூட்டுகளை ஒட்டவைக்கும் பழைய ஆபரேஷனை யாராவது இந்த வயதில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டிய மூட்டின் வேலையை அக்கம்பக்கத்து மூட்டுகள் சுமந்து, வருடங்கள் போகப்போகத் தேய்ந்துவிடும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். புண்ணில் கிருமி சேரலாம். பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகலாம். வைத்த எலும்பு நகரலாம், திருத்தம் கூடவோ குறையவோ செய்யலாம், முன்னாலுள்ள மூட்டு லேசாக விலகலாம். இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எட்டு வாரம் மாவுக்கட்டு, அதுவரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. நடுவில் ஒருமுறை கட்டை மாற்றி, எலும்பைப் பிடித்திருக்கும் கம்பியை எடுப்பார்கள். நான் ஒரே நேரத்தில் இரண்டு காலையும் செய்வதில்லை. வலதை முதலில் முடித்து, அது தாங்க ஆரம்பித்தபின் இடது தேவையா என்று பார்ப்பேன். முழுப்பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலில் வைத்துக்கொண்டால் விடுமுறை பெரும்பாலும் மாவுக்கட்டோடேயே போய்விடும், பள்ளி அவ்வளவாகக் கெடாது. ஜூனில் வகுப்பு தரைத்தளத்தில் இருக்கும்படி தலைமையாசிரியரிடம் இப்போதே பேசிவையுங்கள். வீட்டில் இந்தியக் கழிப்பறைதான் என்றால் மேலே போடும் நாற்காலி ஒன்று வாங்குங்கள். ஊன்றுகோலில் நடக்க ஆபரேஷனுக்கு முன்பே பழகட்டும், பிறகு வலியோடு கற்பது கஷ்டம். கொலுசு, நெயில் பாலிஷ், மருதாணி எதுவும் ஆபரேஷன் அன்று வேண்டாம், விரல்களின் நிறத்தைப் பார்த்துத்தான் இரத்த ஓட்டம் சரியா என்று தெரிந்துகொள்வோம். கட்டுக்குள் அரித்தால் ஸ்கேலை விட்டுச் சொறியக் கூடாது. விரல் நீலமானாலோ, அசைக்க முடியாவிட்டாலோ, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் நள்ளிரவிலும் கிளம்பி வாருங்கள்.

தழும்பு விழும், மறைக்கவில்லை. பாதத்தின் வெளிப்பக்கம் ஒரு கோடு, செருப்பு வாருக்குக் கீழே. கல்யாணத்தின்போது கேட்பார்களோ என்று நீங்கள் நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தக் கோட்டுக்காகத் தினமும் வலியோடு நடக்கச் சொல்லாதீர்கள்.

கபடிக்கு வருகிறேன். கட்டுப் பிரித்ததும் காலே சூம்பிப்போனதுபோல் இருக்கும், பயந்துவிடாதீர்கள். நடையும் தசைப் பயிற்சியும் முதலில், ஓட்டம் ஐந்தாறு மாதத்தில். பிடித்து இழுக்கும் ஆட்டம் என்பதால் நான் கபடிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவேன். அடுத்த வருடப் போட்டி போய்விடும் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவளையே பக்கத்தில் உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள், கால் அவளுடையது. அவளுக்குக் கேள்வி இருந்தால் அவளே எழுதட்டும், அடுத்த மாதம் அதற்குத்தான் முதல் பதில்.